சங்கத்துக்குத் தலைவர் இருக்கிறார்... வேலை பார்க்க ஆள் எங்கே?

மளிகைக் கடைக்காரர் ஒருவர் மூட்டை இறக்க ஆள் வைக்கிறார். பொட்டலம் கட்ட ஆள் வைக்கிறார். கணக்கு எழுத ஆள் வைக்கிறார். ஆனால் அதே மாதிரி முந்நூறு கடைக்காரர்கள் சேர்ந்து ஒரு சங்கம் ஆரம்பித்தால், அதற்கு மட்டும் சம்பளத்துக்கு ஒரு ஆள் வைக்க மாட்டார்கள். கேட்டால், "சங்கம் சேவைங்க, அதுக்கு எதுக்கு சம்பளம்?" என்பார்கள். முதலில் குப்பைக் கூடைக்குப் போக வேண்டியது இந்த வசனம்தான்.

மணலூர்பேட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் தென்பெண்ணைக் கரையில் இருக்கும் பேரூராட்சி. தை 5-ம் நாள் ஆற்றுத் திருவிழாவுக்குச் சுற்றுவட்டாரமே அங்கேதான் கூடும். இந்த மாதிரி ஊர்களில் வணிகர் சங்கம் என்றால் என்ன? ஒரு தலைவர், ஒரு செயலாளர், ஒரு பொருளாளர், ஒரு லெட்டர்பேடு. மே 5 வணிகர் தினத்துக்குக் கடையடைப்பு, மாநாட்டுக்கு வேன், புது வருடத்துக்குக் காலண்டர். மூன்று நிர்வாகிகளுக்கும் சொந்தக் கடை இருக்கிறது. காலை ஏழு மணிக்குக் கடை திறந்து இரவு பத்து மணிக்குச் சாத்துகிற மனிதரிடம் "நீங்கதான் செயலாளர், அரசாணை எல்லாம் படிச்சு வைங்க" என்றால் அவர் எப்போது படிப்பார்?

இதனால் என்ன நஷ்டம் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு.

2024 அக்டோபர் 10 முதல் ஒரு புது விதி வந்தது. ஜிஎஸ்டி பதிவு பெற்ற வணிகர், பதிவு பெறாத கட்டட உரிமையாளரிடம் கடை வாடகைக்கு எடுத்திருந்தால், அந்த வாடகை மீது 18% வரியை வணிகரே கட்ட வேண்டும். பத்தாயிரம் ரூபாய் வாடகைக்கு மாதம் 1,800 ரூபாய். பெரிய கடைக்காரர் அதை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். இணக்க வரித் திட்டத்தில் (அதாங்க, காம்போசிஷன்) இருக்கும் சின்னக் கடைக்காரருக்கு அந்தச் சலுகை கிடையாது, முழுக்கக் கைக்காசு. தமிழ்நாட்டு வணிகர் அமைப்புகள் போராடின. 2024 டிசம்பர் 21 அன்று ஜிஎஸ்டி கவுன்சில் காம்போசிஷன்காரர்களுக்கு விலக்கு தரப் பரிந்துரைத்தது, 2025 ஜனவரியில் அறிவிப்பும் வந்தது. இடைப்பட்ட மூன்று மாதத்துக்கு என்ன செய்வது என்றும் கவுன்சில் சொன்னது.

சரி, இதையெல்லாம் படித்து, "அண்ணே, நீங்க இனி இதைக் கட்ட வேண்டாம்" என்று ஒவ்வொரு கடையாகப் போய்ச் சொல்ல வேண்டியது யார்? ஆடிட்டரா? அவருக்கு இருநூறு ஃபைல். தலைவரா? அவருக்குக் கடை.

அதே 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழைக்குப் பிறகு சாத்தனூர் அணையிலிருந்து ஒரு லட்சம் கன அடிக்கும் மேல் தண்ணீர் திறந்தார்கள். தென்பெண்ணைக் கரை ஊர்களுக்குள் வெள்ளம் புகுந்தது. வெள்ளம் வந்த கடைக்கு இன்சூரன்ஸ் கேட்க வேண்டுமென்றால் பாலிசி வேண்டும், ஸ்டாக் கணக்கு வேண்டும், நனைந்த சரக்கைத் தூக்கிப் போடும் முன் போட்டோ வேண்டும், உடனே தகவல் சொல்ல வேண்டும். இதை வெள்ளம் வடிந்த பிறகு கற்றுக்கொள்ள முடியாது. முன்கூட்டியே யாராவது உட்கார்ந்து சொல்லித் தந்திருக்க வேண்டும். அந்த "யாராவது" என்ற நாற்காலிதான் காலி.

பெரிய முதலாளிகள் இதில் ஏமாளிகள் இல்லை. கோவையில் 1933-ல் தொடங்கிய தென்னிந்திய மில்கள் சங்கத்துக்கு (சைமா) முழுநேரப் பொதுச்செயலர் உண்டு. தலைவர்கள் மாறுவார்கள், அலுவலகம் அப்படியே ஓடும். இன்று சிஐஐ என்று அழைக்கப்படும் அமைப்பை 1974 முதல் 2004 வரை நடத்தியவர் தருண் தாஸ். அவர் முதலாளி இல்லை, சம்பளக்காரர். 1988-ல் 38 நிறுவனங்களோடு பிறந்த நாஸ்காம், 1991-ல் தேவாங் மேத்தா என்ற சார்ட்டர்ட் அக்கவுண்டன்டை நிர்வாக இயக்குநராக வைத்தது. மென்பொருள் திருட்டை எதிர்த்துப் பிரச்சாரம் செய்ததும், டெல்லியில் அமைச்சக வாசல்களில் ஏறி இறங்கியதும் அவர்தான். 2001 ஏப்ரலில் அவர் சிட்னியில் திடீரென்று இறந்தபோது வயது 38. சில மாதங்களிலேயே கிரண் கார்னிக் அந்த இடத்துக்கு வந்தார். ஆள் போனாலும் பதவி நின்றது.

கோடீஸ்வரர்களுக்கே தங்கள் சங்க வேலையைத் தாங்களே பார்க்க நேரமில்லை. வெல்லம் நிறுத்துக் கொடுக்கிறவருக்கு மட்டும் நேரம் இருக்குமா? :-)

இனி வழக்கமான ஆட்சேபணைகள்.

"பணத்துக்கு எங்கே போறது?" மணலூர்பேட்டை தனியாக வைக்க வேண்டியதில்லை. திருக்கோவிலூர், ரிஷிவந்தியம், தியாகதுருகம், சங்கராபுரம் சேர்ந்து ஐந்து ஊருக்கு ஒருவர். ஊருக்கு 60 கடை என்று வைத்தால் 300 கடை. கடைக்கு மாதம் 100 ரூபாய், மொத்தம் 30,000. சம்பளம் 22,000, பஸ், போன், இன்டர்நெட் 5,000, மீதி 3,000 கையிருப்பு. ஒரு கடைக்கு ஒரு நாளைக்கு நாலு ரூபாய் கூட ஆகவில்லை. டீ விலை என்ன என்று எல்லோருக்கும் தெரியும்.

"சம்பளக்காரன் நம்மையே ஆட்டி வைப்பான்." இது நியாயமான பயம். அதற்கு மருந்து வேலையை எழுதிக் கொடுப்பது. என்ன செய்வது என்பதை நிர்வாகக் குழு முடிவு செய்யும், செய்து காட்டுவது அவர் வேலை. கணக்கு எழுதுகிற கையில் செக் புத்தகம் இருக்கக் கூடாது. மாதக் கூட்டத்தில் ஒரு பக்க அறிக்கை. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975 நிர்வாகக் குழுவின் பதவிக் காலத்தை அதிகபட்சம் மூன்று வருடம் என்கிறது. தலைவர்கள் மாறத்தான் வேண்டும். அப்படி மாறும்போது ஃபைல்கள் பழைய தலைவர் வீட்டுப் பரண் மேல் போகாமல் இருக்க, நிலையான ஓர் ஆள் தேவை.

"நம்ம தலைவர் மச்சான் சும்மாதான் இருக்கார், அவரைப் போட்டுக்கலாம்." இங்கேதான் எல்லாம் கெடும். சும்மா இருப்பது ஒரு தகுதி கிடையாது. முதலில் வேலைப் பட்டியல், அப்புறம்தான் ஆள். அறிவிப்பு ஐந்து ஊரிலும் ஒட்டப்பட வேண்டும். நேர்காணலில் ஊர், சாதி, கட்சி விசாரிக்க வேண்டாம். நிஜமான வரி நோட்டீஸ் ஒன்றைக் கொடுத்து, "இதற்குப் பதில் எழுதுங்க, அப்புறம் இந்தக் கடைக்கார அண்ணனுக்குப் புரிகிற தமிழில் சொல்லுங்க" என்றால் போதும். அரை மணி நேரத்தில் தேறுபவர் யார் என்று தெரிந்துவிடும். ஆறு மாதம் சோதனைக் காலம். சரியில்லையென்றால் கும்பிட்டு அனுப்பிவிடலாம்.

கடைசியாக ஒன்று. ஒவ்வொரு வருடமும் இந்த மாவட்டத்துப் பிள்ளைகள் பி.காம் முடித்துவிட்டுச் சென்னைக்கு பஸ் ஏறுகிறார்கள். அங்கே ஏதோ ஒரு கம்பெனியில் எவருடைய பில்லையோ கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்கள். இங்கே ஊரில், வரி நோட்டீஸைக் கல்லாப் பெட்டியில் மடித்து வைத்துவிட்டு யாரிடம் கேட்பது என்று தெரியாமல் கடைக்காரர் உட்கார்ந்திருக்கிறார். படித்தவருக்கு வேலை இல்லை, வேலைக்குப் படித்தவர் இல்லை. இரண்டுக்கும் நடுவில் இருப்பது மாதம் நூறு ரூபாய்.

உங்கள் ஊர்ச் சங்கக் கூட்டம் அடுத்து எப்போது என்று கேளுங்கள். யாருக்கும் தெரியவில்லை என்றால், அதைத் தெரிந்து வைத்திருப்பதுதான் அந்த ஆளின் முதல் வேலை.