கடவுச்சொல்லைக் கேட்பது யார்?

வட்டு முழுவதையும் லக்ஸ் முறையில் பூட்டி வைத்திருக்கும் லினக்ஸ் மடிக்கணினியைத் திறந்தால், முதலில் கடவுச்சொல் கேட்கும். நாமும் தட்டிவிடுகிறோம். கேட்பது எந்த நிரல்? வட்டு இன்னும் திறக்கவில்லை. ஆக, அந்த நிரல் பூட்டுக்கு வெளியேதான் இருந்தாக வேண்டும்.

அது இருக்கும் இடம் இனிட்ராம்எஃப்எஸ். பூட் பிரிவில் பூட்டில்லாமல் கிடக்கிற ஒரு கோப்பு. பிரித்துப் பார்த்தால் உள்ளே சின்னதாக ஒரு லினக்ஸே இருக்கும்: சில கட்டளைகள், சில டிரைவர்கள், கடவுச்சொல்லை வாங்கும் நிரல்.

கையொப்பமுள்ள நிரல்களை மட்டும் ஓடவிடும் செக்யூர் பூட் இருக்கிறதே என்று பலரும் நிம்மதியாக இருக்கிறார்கள். அந்தச் சங்கிலியைக் கண்ணி கண்ணியாகப் பார்க்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் கையொப்பமிட்ட ஷிம் என்ற சிறு நிரலை ஃபர்ம்வேர் சரிபார்க்கிறது. ஷிம், கிரப் என்ற பூட்லோடரை; கிரப், கர்னலை. அதோடு சரி. இனிட்ராம்எஃப்எஸ் நம் கணினியிலேயே உருவாவதால், உபுண்டு, டெபியன் போன்றவற்றின் வழக்கமான நிறுவலில் அதற்குக் கையொப்பம் கிடையாது. சில நிமிடம் கணினி கையில் கிடைத்தால் போதும், அந்தக் கோப்பைப் பிரித்து, கடவுச்சொல்லைக் குறித்துவைக்கும் நாலு வரியைச் செருகி மூடிவிடலாம். அடுத்த முறை செக்யூர் பூட் ஒரு வார்த்தை சொல்லாது. ஓட்டல் அறையில் விட்டுப்போகும் கணினிக்கு இப்படி நேரலாம் என்பதை பாதுகாப்பு ஆய்வாளர் ஜோவான்னா ருட்கோவ்ஸ்கா 2009லேயே ட்ரூகிரிப்ட் என்ற வட்டுப்பூட்டு நிரலை வைத்துச் செய்து காட்டிவிட்டார்.

தீர்வு இல்லாமல் இல்லை. கர்னல், இனிட்ராம்எஃப்எஸ், கர்னலுக்கான கட்டளை வரி மூன்றையும் ஒரே கோப்பாகக் கட்டி மொத்தத்துக்கும் கையொப்பமிடுவது ஒன்று, யுகேஐ என்கிறார்கள். டிபிஎம் சில்லு இன்னொன்று. ஒவ்வொரு கட்டமும் அடுத்ததை ஓடவிடும் முன் அதன் ஹாஷை இந்தச் சில்லின் பிசிஆர் பதிவேட்டில் சேர்க்கிறது. பழைய மதிப்போடு புதியதைக் கலந்து மறுபடி ஹாஷ் எடுப்பதால், நடந்ததை அழித்துத் திருத்த வழியில்லை. வட்டின் சாவியை இந்த மதிப்போடு கட்டிவைத்தால், மதிப்பு மாறியிருக்கும்போது சில்லு அதைத் தராது. யுகேஐ உள்ள என் கணினியில் பிசிஆர் பட்டியலைப் பார்க்கிறேன்: கர்னலைப் புதுப்பித்தால் 11 மாறுகிறது; செக்யூர் பூட் நிலையைக் குறிக்கும் 7 அப்படியே நிற்கிறது. இந்தக் கணக்கை என் கண்ணால் பார்த்த பிறகுதான் எனக்கு நம்பிக்கையே வந்தது.

ஆனால் ஒரு எச்சரிக்கை. 2021ல் சிஸ்டம்டி 248ஓடு வந்த கிரிப்ட்என்ரோல் கட்டளையால் சாவியை 7ஆம் பிசிஆரோடு மட்டும் கட்டிவிட்டு வேலை முடிந்தது என்று இருப்பவர்கள் உண்டு. இனிட்ராம்எஃப்எஸ் கையொப்பமில்லாமல் இருக்கும்போது இது கடவுச்சொல்லைவிட மோசம். கோப்பை மாற்றினாலும் 7 மாறாது. திருடனுக்குச் சில்லே சாவியை எடுத்துக் கொடுத்துவிடும். யுகேஐ வேண்டும், 11ஐயும் சேர்க்க வேண்டும், மேலே ஒரு பின் எண்ணும் வேண்டும்.

இதையெல்லாம் பயனரே தேடிப் படித்துச் செய்துகொள்ளட்டும் என்று விடுவது நியாயமே இல்லை. வட்டைப் பூட்டவா என்று கேட்கிற நிறுவல் நிரல், அந்தப் பூட்டைத் திறக்கும் கோப்புக்கும் அதே நேரத்தில் காவல் போட்டுத் தர வேண்டும்.