முதல் சில மேட்ச்சிலேயே தீர்ப்பா? தமிழ் தலைவாஸ் டிஃபென்ஸுக்கு ஏன் டைம் வேணும்?

சிவகாசியில் ஒரு வருஷ உழைப்புக்கு மார்க் போடுவது தீபாவளி என்ற ஒரே பண்டிகைதான். அன்னைக்கு புஸ்ஸுன்னு போச்சுன்னா போனதுதான். விருதுநகர் மாவட்டம் தொடங்கி தமிழ்நாடு முழுக்க ரசிகர்கள் புரோ கபடி லீக்கிலும் இதே கணக்கைப் போடுகிறார்கள். சீசன் ஆரம்பத்தில் டிஃபென்ஸ் சொதப்பினால் போதும், ‘நமத்துப்போன பட்டாசு’ பட்டம் ரெடி.

கோபத்திலும் நியாயம் இருக்கு. 2017-ல் களமிறங்கிய தமிழ் தலைவாஸ், ஆடிய முதல் 3 சீசன்களிலும் கடைசி இடம்தான் (முதல் இரண்டில் தன் பிரிவில்). ஆனால், ஆரம்பத்தை மட்டும் பார்த்து எழுதும் தீர்ப்பு தப்பாகிவிடும் என்பதற்கும் இதே அணிதான் சாட்சி.

2022-ல் என்ன நடந்தது?

9-வது சீசனில் பவன் ஷெராவத்தை 2.26 கோடி ரூபாய்க்கு எடுத்தார்கள். அப்போது அது சாதனை விலை. முதல் மேட்ச்சிலேயே அவருக்கு முழங்காலில் காயம், சீசனே காலி. அடுத்தடுத்து தோல்விகள். பாதியில் அஷன் குமார் பயிற்சியாளராக வந்தார். ரெய்டில் இளம் வீரர் நரேந்தர் 243 புள்ளிகள் குவித்தார். பின்னால் சாகர், சாஹில் குலியா, மோஹித், ஹிமான்ஷு என இளம் டிஃபென்டர்கள். விளைவு, முதல்முறையாக அரையிறுதி! அதிலும் புனேரி பல்டனிடம் 37-39 என நூலிழையில்தான் தோற்றார்கள்.

டிஃபென்ஸ் ஏன் லேட்டா செட் ஆகுது?

ரெய்டருக்கு 30 விநாடி, தனி ஆட்டம். ஒரு ஸ்டாரை வாங்கினால் முதல் நாளே பலன் தெரியும். பிடி அப்படியில்லை. கார்னர் காலைப் பிடிக்கும் அதே நொடி, கவர் வந்து வழியை அடைக்கணும். கொஞ்சம் தாமதித்தாலும் ரெய்டர் இருவரையும் இழுத்துக்கொண்டு நடுக்கோட்டைத் தொட்டுவிடுவார். அடுத்து பதற்றம், அவசரப்பட்டு ‘அட்வான்ஸ் டேக்கிள்’, கடைசியில் ஆல்-அவுட். எதிரணிக்கு கூடுதலாக 2 புள்ளி. ஏலத்தில் முகங்கள் மாறும்போதெல்லாம் இந்தப் புரிதலை முதலில் இருந்து கட்டணும்.

அப்போ பொறுமை மட்டும் போதுமா?

போதாது. 2023-24 சீசனில் அந்த இளம் டிஃபென்ஸின் முக்கிய வீரர்களைத் தக்கவைத்தும் 9-வது இடம்தான் கிடைத்தது. அதனால் ஸ்கோரைத் தாண்டி சிலதைக் கவனிங்க. அதே கார்னர்-கவர் ஜோடி தொடர்ந்து ஆடுதா? தேவையில்லாத பாய்ச்சல் குறையுதா? மூணு பேரோ அதற்கும் குறைவாகவோ இருக்கும்போது பதறாமல் ‘சூப்பர் டேக்கிள்’ எடுக்கிறாங்களா?

பத்து மேட்ச் தாண்டியும் அதே தப்பு நடந்தால் தாராளமா கேள்வி கேளுங்க. ஆனால், அந்தக் கேள்வி ஏலத்தில் அணியைக் கட்டிய நிர்வாகத்துக்கும் பயிற்சியாளருக்கும் போகணும். ஒரே ஒரு பிடியைத் தவறவிட்ட இளம் டிஃபென்டரின் இன்ஸ்டாகிராம் கமென்ட் பாக்ஸுக்கு இல்லை.