பேசினுக்கு அடியில் சொட்டும் நீர்



2012 இல் மீள்குடியேறிய பின்னர் கட்டிய எமது வீட்டின் குளியலறையில் கை கழுவும் பேசின் ஒன்று இருக்கிறது. சென்ற மாரி காலத்தில் அதன் அடியிலிருந்து நீர் சொட்டத் தொடங்கியது. குழாய் வேலை செய்பவர் இரு தடவை வந்து சுரையை இறுக்கிவிட்டுப் போனார். ஒவ்வொரு தடவையும் என் ஒரு நாள் கூலி போனது, ஒழுகல் நிற்கவில்லை. ஆண் துணையில்லாத வீட்டுக்கு யார் வந்து போகிறார்கள் என்று ஒழுங்கையில் எழுந்த பேச்சு அதைவிட வருத்தியது. மூன்றாம் தடவை நான் அவரைக் கூப்பிடவில்லை.

"உது பொம்பிளையள் செய்யிற வேலையே?" என்று பக்கத்து வீட்டு ஆச்சி கேட்டார். செய்து பார்ப்போம் என்று மகளுடன் பேசினுக்குக் கீழே குந்தினேன்.

முதலில் எல்லா மூட்டுகளையும் துணியால் துடைத்துவிட்டு, ஒவ்வொன்றிலும் பத்திரிகைத் துண்டு சுற்றினோம். பேசினில் நீர் விட்டதும் எந்தத் துண்டு முதலில் நனைகிறதோ அங்கேதான் பிழை. எங்கள் வீட்டில் நனைந்தது பேசின் துவாரத்தில் பூட்டும் 'வேஸ்ட்' என்ற பகுதியின் சுரையடி. வேஸ்டின் பக்கத்தில் ஒரு வெட்டு இருக்கும். பேசின் நிரம்பினால் மேலதிக நீர் அதன் வழியே வடியும். அதே நீர் வேஸ்டின் புரி வழியாகவும் கீழிறங்கும். அதனால்தான் சுரையை எவ்வளவு இறுக்கியும் பயன் இல்லாமற் போனது.

வாளியைக் கீழே வைத்து வளைந்த குழாயைக் கழற்றி, சுரையைத் திருகி எடுத்து, வேஸ்டை மேலே தூக்கினேன். பழைய பசையைச் சுரண்டி, கழுவி, நன்றாகக் காயவிட்டோம். ஈரத்தில் சிலிக்கன் பசை ஒட்டாது. பின்பு வேஸ்டின் விளிம்புக்கு அடியில் சுற்றிவரப் பசை இட்டு, வெட்டு அடைபடாமல் பார்த்து உள்ளே இறக்கினேன். கீழிருந்து இறப்பர் வோஷர் வந்து அமரும் இடத்தில் புரியிலும் பசை தடவினேன். மகள் மேலே வேஸ்ட் சுழலாமல் பிடிக்க, நான் சுரையைக் கையால் இறுக்கி, சாவியால் இன்னும் அரைச் சுற்று மட்டும் திருப்பினேன். அளவுக்கு மீறினால் பேசின் வெடித்துவிடும்.

முதல் நாள் ஒரு தவறு செய்தேன். பசை காயுமுன்பே மாலையில் நீரைத் திறந்தேன். "அம்மா, திரும்பவும் சொட்டுது" என்றாள் மகள். அழுகை வந்தது. எல்லாவற்றையும் கழற்றித் துடைத்து மீண்டும் பூட்டினோம். இம்முறை ஒரு முழு நாள் தொடவில்லை. பிறகு அடைப்பானைப் போட்டுப் பேசினை நிரப்பி, அரை மணி பொறுத்து, ஒரேயடியாகத் திறந்துவிட்டோம். கீழே சுற்றிய காகிதம் காய்ந்தே இருந்தது.

இப்போது வாளி கிணற்றடியில் இருக்கிறது. கடந்த வாரம் ஆச்சி வந்து, தன் வீட்டுச் சிங்க் ஒழுகுவதாகச் சொன்னார். மகள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னே நடந்தாள்.