வருகைக் கணக்கும் வணிகத்தின் அங்கமே

சேலத்தை அடுத்த இளம்பிள்ளைச் சேலைகளும், சேலத்துப் பட்டறைகளில் உருவாகும் வெள்ளிக் கொலுசுகளும் இன்று இணையத்தின் வாயிலாகத் தூரதேசங்களுக்குச் செல்வது மகிழ்ச்சிக்குரிய விஷயமே. ஆயினும், இணையதளம் அமைக்கவும் விளம்பரம் செய்யவும் சிரமப்பட்டுச் சேர்த்த பணத்தைச் செலவிடும் நம் சிறுவணிகர்கள், அங்கே வந்தவர் எவ்வழியே வந்தார், எவ்விடத்தில் திரும்பிப் போனார் என்பதை ஆராயாமல் விடுவது பெரும் நஷ்டமாகும்.

2005-ஆம் ஆண்டில் கூகுள் வெளியிட்ட அனலிடிக்ஸ் என்னும் சாதனம் இவ்விவரங்களைக் கட்டணமின்றியே அளிக்கிறது. சேலையைத் தேர்ந்தெடுத்த வாடிக்கையாளர்களில் பலர், கூரியர் கட்டணம் தெரியும் பக்கத்துக்கு வந்ததும் விலகிவிடுகிறார்கள் என்று அது காட்டுமானால், குறை சரக்கில் இல்லை என்பதும், அக்கட்டணத்தை முதலிலேயே அறிவிப்பது உசிதம் என்பதும் விளங்கும்.

வருகை எண்ணிக்கையை மட்டும் கண்டு மயங்குவது விவேகமன்று. நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறைக்கு, பக்கத்தைப் பார்த்துவிட்டுப் போகும் ஆயிரம் பேரைவிட, விலை விசாரிக்க அழைக்கும் பத்துப் பேரே பிரதானம். ஆதலால், தொலைபேசி எண்ணையும் வாட்ஸ்அப் பொத்தானையும் தொடுவோரைத் தனியே பதிவு செய்யாத கணக்கு, வரவை எழுதாத பேரேட்டுக்கே ஒப்பாகும்.

மாவட்டத் தொழில் மையங்கள் கடனுதவிக்கு வழிகாட்டுவதோடு அமையாமல், இக்கணக்கை வாசிக்கும் பயிற்சியையும் தமிழிலேயே அளித்தல் அவசியம். வணிகரும் வாரத்தில் ஒரு மணி நேரத்தை இதற்கென ஒதுக்கினால், விளம்பரச் செலவு வீணாகாமல் தொழில் விருத்தியடையும் என்பதே என் திடமான நம்பிக்கை.