ஒளி எங்கிருந்து புறப்படுகிறது?

"ஒளி சதைக்குள் சில சென்டிமீட்டருக்கு மேல் போகாது, ஆகவே ஒளியொலிப் படமெடுப்பை வைத்து இதயத்துக்குள் கதீட்டர் குழாயைச் செலுத்த முடியாது." கோட்டாற்றில் இயற்பியல் படித்தவர்களே இப்படிச் சொல்கிறார்கள். முதல் பாதி உண்மை. 'ஆகவே'தான் தப்பு.

1. ஒளி ஏன் வெளியிலிருந்து உள்ளே போக வேண்டும்? ஒளியிழை கதீட்டருக்குள்ளேயே இருக்கிறது. லேசர் துடிப்பு நுனியில் வெளிப்படும். அங்கே அதை உறிஞ்சும் பொருள் சற்றே சூடாகி விரியும், ஒலி பிறக்கும். நெஞ்சின்மேல் வைத்த அல்ட்ராசவுண்ட் கருவி அதைக் கேட்கும். உடம்பைக் கடக்க வேண்டியது ஒலி மட்டுமே, அதுவும் ஒருவழிப் பயணம். ஒளியிலிருந்து ஒலி பிறப்பது 1880-இல் கிரஹாம் பெல் கண்ட விளைவு. புதிய மாயம் ஒன்றுமில்லை.

2. சாதாரண அல்ட்ராசவுண்ட் போதாதா? அதன் குறுக்குவெட்டுப் படத்தில் குழாயின் எந்த இடமும் ஒரு புள்ளிதான். நடுப்பகுதியை நுனி என்று நம்பித் தள்ளினால் இதயச் சுவர் என்னாகும்? ஒளியொலியில் சத்தம் பிறப்பதே நுனியில்தான்.

3. எக்ஸ்ரே இருக்கிறதே? இருக்கிறது, 1929-இல் ஃபோர்ஸ்மன் தன் கை ரத்தக்குழாய் வழியே இதயத்துக்குக் குழாய் செலுத்திய நாளிலிருந்து. கதிர்வீச்சும் கூடவே இருக்கிறது. மருத்துவர் ஈய அங்கியைச் சும்மாவா சுமக்கிறார்?

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் முயினாட்டு பெல்லின் குழு ஒளியொலி வழிகாட்டலைப் பன்றிகளின் இதயத்தில் செய்துகாட்டி 2020-இல் வெளியிட்டது. மருத்துவமனைகளில் இன்னும் வழக்கத்துக்கு வரவில்லை. விலா எலும்பும் நுரையீரல் காற்றும் ஒலியை மறிக்கும். எதிர்ப்பவர்கள் அந்தத் தடையைப் பற்றிக் கேட்கட்டும். ஒளியின் ஆழத்தை விட்டுவிடட்டும்.