படகு மலிவு, கட்டும் இடம் கிராக்கி!

இங்கிலாந்தில் பழைய உல்லாசப் படகுகள் மலிவாகக் கிடைக்கின்றன. ஆசைப்பட்டு வாங்கி விடுகிறார்கள். பிறகுதான் திண்டாட்டம்!

படகுத் துறையில் கட்டி வைக்க வாடகை உண்டு. படகின் நீளத்தை அளந்து வாடகை போடுகிறார்கள். படகு புதியதா, பழையதா என்று பார்ப்பதில்லை. ஓட்டை உடைசலுக்கும் அதே வாடகைதான்! ஓடாமல் கிடந்தாலும் கொடுத்தாக வேண்டும்.

கால்வாயில் ஓட்டுவதற்கு உரிமக் கட்டணம், இன்சூரன்ஸ், 4 ஆண்டுக்கு ஒரு முறை பாதுகாப்புச் சான்று. அடிப்பாகத்தில் பாசி படியும். கரையேற்றிச் சுரண்டி வர்ணம் பூச வேண்டும். குளிர் காலத்துக்கு முன் எஞ்சினில் தண்ணீரை வடிக்காவிட்டால், அது உறைந்து எஞ்சின் வெடிப்பு விடும். அதோடு படகு விலையே போயிற்று!

படகு வாங்க நினைப்பவர், முதலில் துறைக்காரரிடம் போய் ஓராண்டு வாடகையைக் கேட்கட்டும். படகுக்காரரிடம் பிறகு விலை பேசலாம்.