மூக்குக்கு ஆகும், முதுகுக்கு ஆகாது

டில்லியோ மும்பையோ பெங்களூரோ, செல்லப்பிராணிக் கடைகளில் பிஸ்கட்டுக்கும் கழுத்துப் பட்டைக்கும் பக்கத்தில் இப்போது இன்னொரு அலமாரியும் சேர்ந்திருக்கிறது. விரல் நீளத்தில் பழுப்பு நிறப் பாட்டில்கள். பதற்றத்துக்கு லாவண்டர், சொறிக்கு டீ ட்ரீ, உண்ணிக்கு எலுமிச்சைப்புல், மூட்டுவலிக்குப் பெப்பர்மின்ட். லேபிளில் தவறாமல் ஒரு வார்த்தை: 'இயற்கை'. அதைப் படித்த பிறகு மேற்கொண்டு கேள்வி கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை. அரளியும் இயற்கைதான்.

'அரோமாதெரபி' என்ற பெயருக்கு அப்படியொன்றும் வயதாகிவிடவில்லை. பிரெஞ்சு வேதியியலாளர் ரெனே-மோரிஸ் கத்தஃபோசே 1937ல் தன் புத்தகத்துக்கு வைத்த தலைப்பு அது. 1910ல் ஆய்வுக்கூட விபத்தில் கை வெந்த அவர், லாவண்டர் எண்ணெய் தடவிப் பலன் கண்டதாகச் சொன்னார். வெந்தது அவர் கை. தடவ முடிவு செய்தவரும் அவரே. நாய்க்கு அந்த வசதி கிடையாது.

நாய்க்கு மணம் ஒன்றுமே செய்யாது என்று சொல்லிவிடவும் முடியாது. 2005ல் வெளியான ஓர் ஆய்வில், காப்பகத்தில் அடைபட்டிருந்த 55 நாய்களைச் சுற்றி வெவ்வேறு வாசனைகளைப் பரவவிட்டுக் கவனித்தார்கள். லாவண்டரும் சாமந்தி இனத்தைச் சேர்ந்த கமோமைலும் பரவியபோது நாய்கள் அதிகம் படுத்து ஓய்வெடுத்தன, குறைவாகக் குரைத்தன. ரோஸ்மேரியும் பெப்பர்மின்டும் நேர்மாறு: எழுந்து நடந்தன, சத்தமும் கூடியது. அடுத்த ஆண்டு, வட அயர்லாந்தில் பெல்ஃபாஸ்ட் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தின் டெபோரா வெல்ஸ், காரில் ஏறினாலே ரகளை செய்யும் 32 நாய்களிடம் லாவண்டர் வாசனையைச் சோதித்தார். அவையும் ஓரளவு அடங்கி உட்கார்ந்தன. சிறிய ஆய்வுகள்தான், பெரிய மகிமை எதையும் நிரூபிக்கவில்லை. ஆனாலும் கடைக்காரர்கள் விளம்பரத்தில் சொல்லாமல் விடும் ஒரு விவரம் இவற்றில் இருக்கிறது. இரண்டிலும் வாசனை காற்றில்தான் இருந்தது. எந்த நாயின் உடம்பிலும் எண்ணெய் தேய்க்கப்படவில்லை.

உடம்பில் தேய்த்தால் என்ன ஆகும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. அமெரிக்காவின் விலங்கு நச்சு ஆலோசனை மையம் ஒன்றுக்கு 2002 முதல் 2012 வரை வந்த டீ ட்ரீ எண்ணெய் விவகாரங்களைத் தொகுத்து 2014ல் ஒரு கட்டுரை வெளியானது. மொத்தம் 443 பிராணிகள். 337 நாய்கள், 106 பூனைகள். எச்சில் ஒழுகுதல், சோர்வு, தள்ளாட்டம், நடுக்கம், கால்கள் தளர்ந்து விழுதல் ஆகியவை எண்ணெய் பட்ட 2 மணி முதல் 12 மணி நேரத்துக்குள் தொடங்கின. சில பிராணிகளுக்கு 3 நாள் வரை நீடித்தன. இவற்றில் 89 சதவீதம், அலமாரியில் இருந்த பாட்டிலை நாய் தானாகக் கவிழ்த்ததால் வந்த விபத்து அல்ல. வளர்ப்பவரே மருந்தென்று நம்பி, அன்போடு தடவியது.

(டீ ட்ரீ என்றதும் நீலகிரித் தேயிலை நினைவுக்கு வரலாம். சம்பந்தமே இல்லை, அது ஆஸ்திரேலிய மரம் ஒன்றின் இலையில் இருந்து வடித்தெடுப்பது. உண்மையில் நீலகிரியின் பெயரைத் தாங்கி வீட்டுக்கு வீடு இருக்கும் யூகலிப்டஸ் தைலமும் நாய்க்கு நஞ்சுதான்.)

காரணம் புரியாத ரகசியமல்ல. நாயின் மேல்தோல் மனிதத் தோலைவிட மெல்லியது. எண்ணெய் அதன் வழியாக ரத்தத்தில் கலக்கிறது. மிச்சத்தை நாயே நக்கி விழுங்கிவிடுகிறது. தோலுக்கென்று போட்டது வயிற்றுக்கும் போகிறது. அப்புறம் அளவு. ஷாம்புவில் 1 சதவீதமோ அதற்கும் குறைவாகவோ கலக்கும் சரக்கைப் பாட்டிலில் இருந்து நேராக ஊற்றுகிறார்கள். மேற்சொன்ன தொகுப்பில் பயன்படுத்திய அளவே 0.1 மில்லியில் தொடங்குகிறது. அதாவது இரண்டு சொட்டு. பூனைகளின் பாடு இன்னும் மோசம். இத்தகைய பொருட்களை முறித்து வெளியேற்றும் திறன் அவற்றின் கல்லீரலுக்குக் குறைவு. தெள்ளுப்பூச்சிக்குப் பெயர்போன பென்னிராயல் எண்ணெய் பூசப்பட்ட ஒரு நாய் கல்லீரல் கெட்டு இறந்ததை அமெரிக்க மருத்துவர்கள் 1992லேயே பதிவு செய்திருக்கிறார்கள்.

இந்தியாவில் இதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. இங்கே எண்ணெய்ப் பாட்டிலை அதிகம் திறக்க வைப்பது உண்ணி. நாயின் காதுமடலில் பட்டாணி போல உப்பிக் கிடப்பது வெறும் அரிப்பு விவகாரம் அல்ல. அது எர்லிக்கியா, பபேசியா போன்ற கிருமிகளை ரத்தத்தில் ஏற்றிவிட்டுப் போகிறது. பபேசியா கிப்சோனி என்ற ஒட்டுண்ணிக்கும் சென்னைக்கும் பழைய உறவு. 1910ல் டபிள்யூ.எஸ். பேட்டன் அதை முதலில் கண்டது 'மெட்ராஸ் ஹன்ட்' என்ற வெள்ளைக்காரர்களின் வேட்டைக் குழுவுடைய நாய்களின் ரத்தத்தில். பிறகு நரியின் ரத்தத்திலும் கண்டார்.

பழுப்பு நாய் உண்ணி ஒவ்வொரு முறை ரத்தம் குடித்ததும் கீழே இறங்கி, சுவர் வெடிப்பிலும் கட்டிலடியிலும் ஒளிந்துகொள்கிறது. ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது. நாயின் முதுகில் எலுமிச்சைப்புல் மணக்கிறதா என்று சுவரில் இருக்கும் கூட்டம் கவலைப்படப் போவதில்லை. கடித்துக்கொண்டிருப்பதன் மேல் எண்ணெயை ஊற்றினால், அது துடித்துக் கிருமியுள்ள திரவத்தைக் கடிவாய்க்குள் கக்கும் அபாயமும் உண்டு. இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுப்பதே முறை. வேப்பெண்ணெய் வேறு ஜாதி, கொட்டையைப் பிழிந்து எடுப்பது. ஓரளவு விரட்டலாம், உண்ணிக் காய்ச்சலைத் தடுக்கும் என்று நம்பி இருந்துவிட முடியாது.

மாதம் ஒருமுறையோ மூன்று மாதத்துக்கு ஒருமுறையோ கொடுக்கும் உண்ணி மாத்திரைகள் இப்போது இங்கேயும் கிடைக்கின்றன. விலை கையைக் கடிக்கும்தான். பக்கவிளைவே கிடையாது என்றும் இல்லை. சில நாய்களுக்கு வலிப்பு வரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018ல் எச்சரித்தது. ஆனால் அங்கே எடைக்கு ஏற்ற அளவு உண்டு, எச்சரிக்கையும் அச்சில் உண்டு. பழுப்புப் பாட்டிலில் இரண்டும் இல்லை. உண்ணி எடுத்த சில வாரங்களில் நாய் சாப்பாட்டை ஒதுக்கினாலோ, ஈறு வெளுத்தாலோ, சிறுநீர் காப்பி நிறத்தில் போனாலோ தேவைப்படுவது ரத்தப் பரிசோதனை. உரிய நேரத்தில் பிடித்தால் எர்லிக்கியா சாதாரண டாக்ஸிசைக்ளின் மாத்திரைக்கே கட்டுப்படும். எண்ணெய் தேய்த்துப் பார்க்கலாம் என்று கழியும் பத்து நாளில்தான் நோய் முற்றுகிறது.

தீபாவளி வெடிச் சத்தத்துக்கு நடுங்கும் நாய்க்கு லாவண்டர் வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால், ஒரு துணியில் ஒரு சொட்டு, அறையின் ஒரு மூலையில், கதவைத் திறந்து வைத்து. நமக்கு மெல்லிய மணம் அதன் மூக்குக்கு ஒலிபெருக்கி. பிடிக்காவிட்டால் எழுந்து போக அதற்கு வழி இருக்க வேண்டும். வீட்டில் பூனை இருந்தால் அதுவும் வேண்டாம்.

ஏற்கனவே தடவியாகிவிட்டது, நாய் தள்ளாடுகிறது என்றால், பாத்திரம் கழுவும் திரவத்தால் எண்ணெய் போகக் குளிப்பாட்டி, துவட்டி, உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிச் செல்ல வேண்டும். விழுங்கியிருந்தால் வீட்டிலேயே வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். பாட்டிலை மறக்காமல் எடுத்துப் போங்கள். என்ன எண்ணெய், எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதுதான் டாக்டர் கேட்கும் முதல் கேள்வி.